அம்மா பீரோ அடுக்கிய ஞாயிற்றுக்கிழமை

மகர்பட்டாவில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டில் சுவரோடு சுவராகப் பதித்த அலமாரி. கதவைத் தொட்டால் சத்தமில்லாமல் ஒதுங்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் திடீரென்று அதை அடுக்க ஆரம்பித்துவிட்டார். சட்டைகளை நிறவாரியாகப் பிரிக்கிறார், போடாததைத் தனியே எடுத்து வைக்கிறார், கூடவே விசில் வேறு. நாலு பெண்களிடம் சொன்னால் பொறாமைப்படுவார்கள். எனக்கோ கைவேலை ஓடவில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்குமாக நடந்து பார்த்துவிட்டு, பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டேன்: "உடம்புக்கு ஏதாவது செய்யுதா? டாக்டர் ஏதும் சொன்னாரா?" அவர் கையில் சட்டையோடு திரும்பிப் பார்த்தார். "சட்டை மடிக்கிறதுக்கு டாக்டர் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் அம்மா பீரோ அடுக்கிய கதை அவருக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் இதே ஊரின் இன்னொரு மூலையில், கட்கியில் இருந்தோம். தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டையிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து கன்டோன்மென்ட் ஓரமாக ஒட்டிக்கொண்ட குடும்பம். அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். அப்பாவுக்குத் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. காலையில் லோக்கல் ரயிலைப் பிடித்துப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் நாலாம் வகுப்பு, ஒரே பிள்ளை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு இரும்பு பீரோ. அதை அம்மாவின் பீரோ என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே நடந்த அக்கிரமம் முழுக்க அவளுடையது. திறந்தால் துணி தலையில் விழும். தினமும் காலையில் ஒரு ஜாக்கெட்டைத் தேடி மொத்தத்தையும் கட்டிலில் கொட்டுவாள். பள்ளிக்கூட மணி அடித்துவிடுமே என்ற பதற்றத்தில் எல்லாவற்றையும் திரும்ப அள்ளித் திணித்து, முழங்காலால் முட்டுக்கொடுத்துக் கதவைச் சாத்துவாள். "உள்ள யாரும் மாட்டிக்கிட்டாங்களான்னு பாத்துட்டுச் சாத்து" என்பார் அப்பா. அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வரிசையாக நிற்க வைக்கிறவளுக்குத் தன் வீட்டுத் துணிகளை மட்டும் வரிசைக்குக் கொண்டுவர முடியவில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. பள்ளித் தோழிகளின் வீட்டில் பெரியவர்கள் இங்கிலீஷில் ரகசியம் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. இங்கிலீஷும் இந்தியும் மராத்தியும் தெருவிலும் பள்ளியிலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரைகுறையாக இருந்தது தமிழ்தான். அதனால் என் அப்பாவும் அம்மாவும் ரகசியம் பேச வேண்டுமென்றால் வேதப்புத்தகத் தமிழுக்குப் போய்விடுவார்கள். "வைத்தியர் யாது உரைத்தார்?" என்று அப்பா கேட்பார். "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று அம்மா ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவாள். நான் ஜெபம் பண்ணுகிறார்களாக்கும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அம்மாவின் வயிற்றில் கட்டி. அதைத்தான் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்லப்பட்டது வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து மருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டு முடித்ததும் அம்மா பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்துப் போட்டாள். எதையோ தேடுகிறாள் என்று நினைத்தேன். தேடவில்லை. ஒவ்வொன்றாக உதறி, மடித்து, கையால் நீவி வைக்கத் தொடங்கினாள். தட்டுகளில் புதுப் பேப்பர் விரித்தாள். மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. எப்போதும் சத்தம் போடும் நாய் திடீரென்று சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு பயம் வருமே, அந்த மாதிரி.

"இங்கன வந்து உக்காரு. எது எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கோ" என்றாள்.

மேல்தட்டு அப்பாவுடையது. வேலைக்குப் போகும் சட்டைகள் இடப்பக்கம், கோயிலுக்குப் போகும் சட்டை வலப்பக்கம். அடுத்த தட்டு எனக்கு. யூனிஃபார்ம், ஸ்வெட்டர், சாக்ஸ். அதற்குப் பின்னால் ஒரு யூனிஃபார்ம் இருந்தது. எடுத்து மேலே வைத்துப் பார்த்தால் என் கணுக்காலைத் தொட்டது.

"அம்மா, இது எனக்கு ரொம்பப் பெரிசு."

"நீ வளருவேல்லா? அப்போ போடு."

அதற்கும் பின்னால் துணியில் சுற்றி முடிந்த ஒரு சின்னப் பொட்டலம். அதைத் தொட விடவில்லை. "இது இப்போ வேண்டாம். பெரிய பிள்ளையானப்புறம் பெரியம்மாவைக் கேளு, சொல்லித் தருவா" என்றாள். ஏன், நீ சொல்லித் தர மாட்டியா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. கிழிந்ததும் சாயம் போனதுமாக ஒரு பை நிறையத் துணி சேர்ந்தது. அதைப் பீரோவுக்குக் கீழே தள்ளி, பாத்திரக்காரி வந்தால் போட்டுவிடலாம் என்றாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் சந்தில் வாராவாரம் வருவார்கள்.

கடைசியாகத் தன் கல்யாணப் புடவையை எடுத்தாள். சந்தன நிறப் பட்டு, மெல்லிய ஜரிகை. அது எப்போதும் பீரோவின் லாக்கருக்குள் பூட்டியிருக்கும். அந்த வாரம் முழுக்க அதன் ஜாக்கெட்டைத் தையல் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். இப்போது புடவை, ஜாக்கெட், பாவாடை, தலைக்குப் போட்ட வலை எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டியில் சுற்றினாள். பட்டுக்குப் பழைய பருத்திதான் நல்லது என்பாள். அதை அப்படியே ஒரு நைந்த தலையணை உறைக்குள் நுழைத்து, திறந்ததும் கைக்கு எட்டும்படி கீழ்த்தட்டின் முன்னால் வைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். அப்பா கேட்டா எடுத்துக் குடு. நீயா எடுக்காத."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இறந்துபோன பெண்களைக் கல்யாணப் புடவை உடுத்தித்தான் பெட்டியில் வைப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் லாக்கர் சாவியைத் தேடி அலையக் கூடாது, ஜாக்கெட் பத்தவில்லை என்று பெண்கள் கையைப் பிசையக் கூடாது. அதற்குத்தான் அந்த வாரத் தையல். இது எனக்குத் தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. நான் போட்ட கணக்கு வேறு. அந்த மழைக்காலத்தில்தான் பக்கத்து வீட்டு மராத்தி ஆன்ட்டி குழந்தை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். புதுப் பட்டு கட்டி, தலையில் பூ வைத்து ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அம்மா எவ்வளவு முன்யோசனையாக எடுத்து வைக்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுடைய அக்கா, என் பெரியம்மா, பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அருமையாகச் சமைப்பாள். வாயில் மட்டும் எந்நேரமும் சவம்தான். பால் பொங்கினால் சவம், கேஸ் பற்றாவிட்டால் சவத்து மூதி. எங்கள் ஊர்ப்பக்கம் அது திட்டில் சேர்த்தியே இல்லை. ஆனால் அப்பா ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மதினி, இந்த வீட்டில கொஞ்ச நாளைக்கு அந்த வார்த்தை வேண்டாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பெரியம்மா அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்தது என்றார்கள். கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவு வர வேண்டும் என்றும் அப்பா பெரியம்மாவிடம் வேதப்புத்தகத் தமிழில் சொன்னார். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. சின்னப் பிள்ளைகளை வார்டில் விட மாட்டார்கள் என்று என்னைக் கூட்டிப் போகவில்லை.

இந்த நாட்களில் எனக்கு ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா அடுக்கிய பீரோ அப்படியே இருக்கும்வரை அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அவசரத்தில் அடியிலிருந்து ஒரு சட்டையை உருவினால் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். "மேலயிருந்து எடுங்கப்பா!" என்று கத்துவேன். பெரியம்மா கைத்துண்டு தேடித் தட்டைக் கலைத்தால் பின்னாலேயே போய்ச் சரி செய்வேன். பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமல் முதலில் பீரோவைத் திறப்பேன். சட்டைகளின் விளிம்பு ஒரே கோட்டில் இருக்கிறதா, தலையணை உறை தன் இடத்தில் இருக்கிறதா. இருந்தால்தான் மூச்சு வரும். "ஏட்டி, பீரோவுக்குள்ள என்ன புதையலா வச்சிருக்க?" என்று பெரியம்மா கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் வந்து திறந்தேன். கீழ்த்தட்டில் ஒரு ஓட்டை. தலையணை உறை இருந்த இடத்தில் பேப்பர் மட்டும் தெரிந்தது.

பெரியம்மாவைத் தேடி ஓடினேன். சமையலறையில் பெரியம்மா பளபளவென்று ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாமலே பாத்திரக்காரியை மடக்கிவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது. "அந்தப் பழைய துணிப் பைக்குச் சின்னக் கிண்ணிய நீட்டுதா பாத்துக்கோ. நான் விடுவேனா? கைய ஆட்டி, கால ஆட்டி, இந்த டப்பாதான் வேணும்னுட்டேன். அவ இன்னும் துணி போடுங்கா. அடுப்புல குக்கர் கூப்பாடு போடுது. கீழ்த்தட்டுல ஒரு கிழிஞ்ச தலையணை உறை கெடந்துச்சு, எட்டிப் பாத்தா பழைய வேட்டி. சவத்த மேலுக்குப் போட்டேன், டப்பா வந்துட்டு!"

நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"ஏட்டி! டப்பாவ எங்க கொண்டு போற? ஏட்டி!" என்று பெரியம்மாவின் குரல் சந்து முனைவரை துரத்தியது. சந்தைத் தாண்டினால் கட்கி பஜார். ஸ்கூட்டர், தள்ளுவண்டி, ஆள். எந்தப் பக்கம் போவது? டீக்கடைக்காரரிடம் கேட்டேன். பாத்திரக்காரியா, ஸ்டேஷன் பக்கம் போனாளே என்றார். ஓடினேன். டப்பா மூடி கழன்று ரோட்டில் உருண்டது. அதைப் பொறுக்கும்போது ஒரு ஆட்டோக்காரர் திட்டினார். அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், காய்ச்சல் கூடியிருக்குமோ, நான் போய்ச் சேர்வதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுதுகொண்டே ஓடினேன். எல்லாம் அந்த ஓட்டையால்தான் என்று எனக்கு அவ்வளவு உறுதி.

ஸ்டேஷன் சுவரோரம் மரத்தடியில் பாத்திரக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கூடையை இறக்கிவிட்டு அன்றைய துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் மடியில் அம்மாவின் பட்டு விரிந்து கிடந்தது. ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாவ்ஷி, தீ மாஜ்யா ஆயீசீ ஆஹே!" என்றேன். சித்தி, அது எங்கம்மாவுடையது.

அவள் என்னையும் டப்பாவையும் பார்த்தாள். அம்மா எங்கே என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை, தேம்பல்தான் வந்தது. அவள் புடவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "லக்னாசீ சாடீ கோணீ தேதா கா?" என்று என்னையே அதட்டினாள். கல்யாணப் புடவையை யாராவது போடுவார்களா என்று. பிறகு கூட இருந்தவளை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, ஒழுங்காக மடித்து, வேட்டியில் சுற்றி, உறைக்குள் நுழைத்துக் கொடுத்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டாள். மற்ற பழைய துணிக்கு ஒரு சின்னக் கிண்ணியை எடுத்து என் கையில் திணித்தாள்.

அதற்குள் பெரியம்மா மூச்சிரைக்க வந்துவிட்டாள். என்னை அடிக்கக் கை ஓங்கியவள், உறை வாயில் துருத்திக்கொண்டிருந்த ஜரிகையைப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். தங்கச்சி கல்யாணத்துக்குக் கூடப் போய் எடுத்த புடவை, அவளுக்குத் தெரியாதா? ஓங்கிய கை அப்படியே இறங்கியது. "இதையா எடுத்து வச்சிட்டுப் போனா, பாவி... இதையா எடுத்து வச்சிட்டுப் போனா" என்று அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பாத்திரக்காரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பெரிய டப்பா கைவிட்டுப் போன துக்கமாக்கும் என்று நினைத்து, கையிலிருந்த கிண்ணியை நான் அவளிடம் நீட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா புடவையை லாக்கருக்குள் வைத்துப் பூட்டப் பார்த்தாள். நான் விடவில்லை. அம்மா சொன்ன இடம் அது இல்லை. ஆனால் அம்மா சொன்ன இடமும் இனி பத்திரமில்லையே. யோசித்து யோசித்து, புத்தகங்களை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே படுத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் அழுத அழுகையில், அப்பா யாரிடமோ கெஞ்சி அனுமதி வாங்கி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பெரியம்மாவும் வந்தாள். எதற்குப் பை என்று அப்பா கேட்டதற்கு வீட்டுப்பாடம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா ரொம்பச் சின்னதாகியிருந்தாள். கையில் ஊசி. என்னைப் பார்த்ததும் சிரித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவளைத் தொடவே பயமாக இருந்தது. பையைத் திறந்து தலையணை உறையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"இதை நீயே வச்சுக்கோ. வீட்ல பத்திரமில்ல. பெரியம்மா பாத்திரக்காரிட்ட போட்டுட்டா. நான்தான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன்."

அப்பா உறைக்குள் கைவிட்டு வேட்டியைப் பிரித்தார். புடவையைப் பார்த்தார். ஜாக்கெட்டை எடுத்து, புதிதாகப் போட்டிருந்த தையலை விரலால் தடவினார். அதை எடுத்து வைத்தது அவருக்கு அதுவரை தெரியாது. அந்த நேரம் வந்தால் அவர் எப்படியும் புடவையைக் கேட்பார் என்று அம்மா விட்டுவிட்டிருந்தாள்.

"இதை எப்போ எடுத்து வச்ச?" என்றார். வேதப்புத்தகத் தமிழ் மறந்துபோயிருந்தது.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறதே, நாம்தான் விளக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"வீட்டுக்கு வர அன்னிக்குக் கட்டிக்கிறதுக்குப்பா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பட்டு கட்டித்தானே வந்தாங்க? அம்மாவும் அப்படித்தான் வருவா. அதுக்குத்தான் முன்னாடியே எடுத்து வச்சா. அப்படித்தானே அம்மா?"

அம்மா மெதுவாகத் திரும்பினாள். முதலில் சிரித்தாள். சிரித்ததில் தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே அழுதாள். அப்பா புடவையைத் தன் மடியில் வைத்து, பழக்கமில்லாத கையால் மடிக்கத் தெரியாமல் மடித்தபடி, "ஆமா, அதுக்குத்தான். வர அன்னிக்கு இதைக் கட்டிக்கிட்டுத்தான் வரணும். கேட்டியா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அவர் அம்மாவிடம் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாவம், இவ்வளவு தூரம் வந்து அம்மாவைத் திட்டுகிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு காய்ச்சல் விட்டது. சோதனை முடிவும் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. அப்பா அதைப் பெரியம்மாவிடம் சாதாரணத் தமிழில், எனக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

அம்மா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெரிதாக்கிய ஜாக்கெட் இளைத்த உடம்பில் தொளதொளத்தது. சந்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடிப்போய் ஆரத்தித் தட்டு எடுத்து வந்தாள். நாங்கள் அதெல்லாம் செய்கிறவர்கள் இல்லை, ஆனால் அப்பா தடுக்கவில்லை. நான் அம்மாவை நேரே பீரோ முன்னால் இழுத்துப் போய்க் கதவைத் திறந்து காட்டினேன். சட்டைகளின் விளிம்பு ஒரே கோட்டில் இருந்தது. சாக்ஸ் அதனதன் ஜோடியோடு இருந்தது. அவள் வைத்தது வைத்தபடி.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என் நைட்டி எங்கடி?" என்றாள். நான் இடத்தைச் சொல்வதற்குள் கையை உள்ளே விட்டு ஒரே இழு. அப்பாவின் சட்டைகள் சரிந்தன. என் யூனிஃபார்ம் கீழே விழுந்தது, அந்தப் பெரிய யூனிஃபார்மும்தான். முடிந்து வைத்த பொட்டலம் கட்டிலடியில் உருண்டது. அவள் இன்னும் தேடினாள், தட்டு தட்டாகக் கலைத்துக் கலைத்துக் கட்டிலில் போட்டாள். "நல்லாக் கலச்சுப் போடு!" என்று பெரியம்மா கையைத் தட்டினாள். "உள்ள யாரும் மாட்டிக்கிட்டாங்களான்னு பாரு" என்று அப்பா சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓவென்று அழுதேன். எத்தனை நாள் காவல் காத்த பீரோ! அது மொத்தமும் தரையில் கிடக்க, இந்தப் பெரியவர்கள் மூன்று பேரும் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.